எழுத்தறியாதவர் படைத்த எழுத்து

எழுதவும் படிக்கவும் தெரியாத ஒருவர், ஒரு மொழிக்கே எழுத்து வடித்துத் தந்தார் என்று சொன்னால், கேட்பவர் சிரிப்பர். விதைநெல்லைக் கண்ணால் காணாதவன் விளைச்சலை வீடு கொண்டு சேர்த்தானாம் என்று கேலியும் பேசுவர். ஆனால் நடந்தது அதுதான், தோழர்களே! நடந்த இடம் வட அமெரிக்கா. நடந்த காலம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நடத்திக் காட்டியவர் பல்கலைக் கழகத்துப் பேராசிரியரல்லர். மன்னர் அவையில் பொற்கிழி பெற்ற புலவருமல்லர். கால் ஊனமுற்ற ஒரு வெள்ளித் தட்டார். செரோக்கி என்னும் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர். செக்வோயா என்பது அவர் பெயர்.

எழுத்து மேலிருந்து கீழே போடப்படும் பிச்சை என்றும், படித்தவன் மனமிரங்கினால்தான் பாமரனுக்கு அது கிட்டும் என்றும் எண்ணுவோர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது. நமக்கோ இனிக்கும் வரலாறு. இடையிடையே நெஞ்சைப் பிழியும் வரலாறு.

அப்பலேச்சிய மலைத்தொடரின் தென்பகுதி செரோக்கியரின் தாயகம். இன்றைய டென்னசி, ஜார்ஜியா, அலபாமா, வட கரோலினா மாநிலங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நிலம். மக்காச்சோளம் விளைத்தனர், மானை வேட்டையாடினர், ஆற்றங்கரைகளில் ஊர் அமைத்து, ஊருக்கு ஊர் அவை கூட்டி வழக்குத் தீர்த்தனர். பேச்சுக்குப் பஞ்சமில்லாத இனம். பேசியதை எழுதி வைக்க மட்டும் வழியில்லை.

டென்னசிப் பகுதியில் டஸ்கீகி என்றோர் ஊர். 1770-களில் செக்வோயா பிறந்தது அங்கே. தாய் செரோக்கிப் பெண்மணி. தந்தை வெள்ளையர் என்பர். மகன் வளர்ந்தபோது அந்தத் தந்தை உடனில்லை. வளர்த்தவர் தாய், பேசக் கற்றது தாயின் மொழி. இதை இங்கே ஏன் அழுத்திச் சொல்கிறோமென்றால், பின்னாளில் சிலர், வெள்ளை இரத்தம் ஓடியதால்தான் இவருக்கு இத்தனை அறிவு என்று எழுதிவிட்டுப் போனார்கள். எத்தனை துணிச்சல்! தந்தையிடம் அவர் ஓர் எழுத்தும் கற்றதில்லை. ஆங்கிலம் பேசவும் கற்றதில்லை, படிக்கவும் கற்றதில்லை, சாகும்வரை. கையில் இருந்தது தொழில். காதில் இருந்தது தாய்மொழி. அந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் அவர் உலகம் வியக்கும் செயலைச் செய்தார்.

இளமையிலேயே ஒரு கால் ஊனமாயிற்று. வேட்டைக்கு ஓட முடியாதவர் பட்டறையில் உட்கார்ந்தார். வெள்ளி நாணயங்களை உருக்கி, தட்டி, காதணியும் மார்பணியும் செய்தார். இரும்பு வேலையும் தாமே பழகிக்கொண்டார். பட்டறையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தோடு மதுவும் சேர்ந்தது. சில காலம் குடியில் தள்ளாடி, பிறகு அதன் கேட்டை உணர்ந்து உதறிவிட்டார் என்று அவர் காலத்தவர் எழுதியிருக்கின்றனர்.

பட்டறையில்தான் எழுத்தின் பொறி விழுந்தது. வெள்ளைத் தட்டார்கள் தாம் செய்த அணியில் தம் பெயரைப் பொறிப்பது வழக்கம். நீங்களும் அப்படிச் செய்யலாமே என்று ஒருவர் சொல்ல, செக்வோயா விழித்தார். பெயர் இருக்கிறது, பொறிப்பதற்கு எழுத்து ஏது? சார்லஸ் ஹிக்ஸ் என்பவர் செரோக்கியருள் ஆங்கிலம் கற்றவர். அவரிடம் சென்று தம் ஆங்கிலப் பெயரை எழுதி வாங்கினார். எழுதித் தந்ததைப் பார்த்துப் பார்த்து வெள்ளியில் வெட்டினார். தம் பெயரைத் தாமே வெட்டினார். வெட்டியதைத் தாமே படிக்க முடியவில்லை. உழைத்தவன் தன் உழைப்பில் தன் பெயரை இடவும் இன்னொருவனிடம் போய் நிற்க வேண்டியிருந்தது.

இது ஒருவருக்கு நேர்ந்த குறையன்று, ஓர் இனத்துக்கே நேர்ந்த குறை. வெள்ளையர் கையில் தாள் இருந்தது. அந்தத் தாள் தொலைவில் இருப்பவனோடு பேசியது. இறந்தவன் சொன்னதையும் மறக்காமல் வைத்திருந்தது. பேசும் இலைகள் என்றனர் பழங்குடி மக்கள். ஒப்பந்தம் என்ற பெயரில் அந்த இலைகள்தாம் நிலத்தை விழுங்கின. எழுதியிருப்பது ஆங்கிலத்தில், கையெழுத்திட வேண்டிய செரோக்கித் தலைவர்களிற் பலருக்கு அது தெரியாது. துபாஷி சொன்னதே பொருள். அடியில் ஒரு குறி கீறினால், ஆறும் காடும் மேய்ச்சல் நிலமும் கை மாறும். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் பிறகு கலங்கிய குடும்பங்களை அறிந்த நம் தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1809 வாக்கில் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் இந்தப் பேச்சு எழுந்தது. எழுத்து வெள்ளையனுக்குக் கிடைத்த வரம் என்றார் ஒருவர். அது மாயவித்தை என்றார் மற்றொருவர். இல்லை, அது மனிதன் செய்த பொருள், நாமும் செய்யலாம் என்றார் செக்வோயா. ஒரு கல்லை எடுத்து அதில் கீறியும் காட்டினார். எல்லோரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.

இடையில் போர் வந்தது. கிரீக் இனத்தில் ஒரு பிரிவினருக்கு எதிராக அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் படை நடத்தினார். செரோக்கியர் அவர் பக்கம் நின்றனர். ஊனமுற்ற காலோடு செக்வோயாவும் அந்தப் படையில் சேர்ந்தார். 1814 மார்ச் 27-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவில் பெரும்போர் நடந்தது. ஆற்றை நீந்திக் கடந்து, எதிரியின் ஓடங்களைப் பறித்து வந்து, வெற்றிக்கு வழி திறந்தவர்கள் செரோக்கி வீரர்கள். ஜாக்சன் என்ற பெயரைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மறுபடியும் வருவார். பாசறையில் வெள்ளை வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினர், வந்த கடிதத்தைப் படித்து மகிழ்ந்தனர். செரோக்கி வீரனுக்கு அந்த ஆறுதல் இல்லை. இருக்கிறானா, இறந்தானா என்று வீட்டார் அறிய, அவனே திரும்பி வந்தாக வேண்டும்.

போர் முடிந்து, இன்றைய அலபாமாவில் வில்ஸ்டவுன் என்ற இடத்தில் வாழ்ந்தபோது முழு மூச்சாக வேலையில் இறங்கினார். முதலில், ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்று தொடங்கினார். மரத்துக்கு ஒரு குறி, மழைக்கு ஒரு குறி, வருவதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று. குறிகள் நூற்றுக்கணக்கில் பெருகின, ஆயிரத்தைத் தொட்டன. படைத்தவருக்கே பாதி மறந்தது. செரோக்கி மொழியிலோ ஒரே வினைச்சொல் ஒட்டுகள் சேர்ந்து எத்தனையோ வடிவம் கொள்ளும். அதற்கெல்லாம் குறி போட்டால் ஆயுள் போதாது. சில ஆண்டு உழைப்பு வீண் என்பது தெரிந்தது.

வயலில் களை மண்டியது. பட்டறையில் நெருப்பு அணைந்தது. தனியே ஒரு குடிசையில் உட்கார்ந்து, மரப்பட்டையில் கோடு கிழித்துக்கொண்டிருக்கும் மனிதனை ஊர் என்ன சொல்லும்? பித்தன் என்றது. சூனியக்காரன் என்று அஞ்சவும் செய்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி அத்தனையையும் நெருப்பில் போட்டுவிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நாம் அந்த அம்மையாரைக் குறை சொல்லமாட்டோம். அடுப்பு எரியாத வீட்டில் மரப்பட்டைக்கு வேறென்ன மதிப்பு இருக்கும்?

பிறகு அவர் செய்ததுதான் அறிவின் உச்சம். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார். அவையில் பேசுவோரைக் கேட்டார். பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டார். குழந்தை மழலையைக் கேட்டார். சொற்கள் எண்ணில் அடங்காதவை. ஆனால் எல்லாச் சொற்களும் ஒரு சில ஒலித்துண்டுகளால் ஆனவை, அதே துண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைக் கண்டுபிடித்தார். தமிழ் படித்தவருக்கு இது எளிதில் விளங்கும். நம் உயிர்மெய்யைப்போல, மெய்யும் உயிரும் கூடிய ஒரு துண்டுக்கு ஓர் எழுத்து. செரோக்கியர் தம்மைச் சலகி என்று அழைத்துக்கொள்வர். அதை அவர் முறையில் எழுத ச, ல, கி என்று மூன்றே எழுத்து.

ஒரு வேறுபாடு உண்டு. நமக்குக் க தெரிந்தால் கொக்கி போட்டுக் கி ஆக்கலாம், சுழி போட்டுக் கீ ஆக்கலாம். செக்வோயா எழுத்தில் க வேறு வடிவம், கி முற்றிலும் வேறு வடிவம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. தனியே நிற்கும் மெய் ஒன்றே ஒன்றுதான், ஸ். எல்லாம் சேர்ந்து முதலில் 86 எழுத்துகள்; பிறகு ஒன்று நீங்கி 85. 1821-இல் வேலை முடிந்தது.

வடிவங்களுக்கு எங்கே போனார்? சிலவற்றைத் தாமே புனைந்தார். சிலவற்றுக்கு, கையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தார். அதில் இருந்த எழுத்துகளுக்கு என்ன ஒலி என்பது அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. ஆங்கில டி எழுத்தின் வடிவம் அவர் கையில் அ ஆயிற்று. டபிள்யூ வடிவம் ல ஆயிற்று. எச் வடிவம் மி ஆயிற்று. ஆங்கிலம் படித்தவர் அந்தத் தாளைக் கையில் எடுத்தால் உளறுவார். செரோக்கிக் குழந்தை படித்துவிடும்! வெள்ளையன் வீட்டுச் செங்கல் சிலவற்றை எடுத்து வந்து, தம் வீட்டைத் தம் அளவுக்குக் கட்டிக்கொண்டார்.

முதல் மாணவி அவர் மகள், அயோகா என்னும் சிறுமி. வயது ஆறு என்பர். ஊரோ நம்பவில்லை. சூனியக் குற்றம் சாட்டி விசாரித்தார்கள் என்றும், அந்த விசாரணையே எழுத்துக்குத் தேர்வாக அமைந்தது என்றும் சொல்லப்படுகிறது. தந்தை ஓரிடம், மகள் கண்ணுக்கு எட்டாத வேறிடம். பெரியவர்கள் சொன்னதைத் தந்தை எழுதினார். தாள் மகளிடம் போனது. சொன்னது சொன்னபடி மகள் படித்தாள். மகளிடம் சொன்னது எழுத்தாகித் தந்தையிடம் வந்தது, அவரும் படித்தார். அப்போதும் ஐயம் தீரவில்லை. தந்தையும் மகளும் பேசி வைத்துக்கொண்டு ஏமாற்றலாமல்லவா? ஆகவே இளைஞர்கள் சிலரைப் பெரியவர்களே தேர்ந்தெடுத்துச் செக்வோயாவிடம் ஒப்படைத்தனர். எழுத்தைக் கற்றுக்கொண்டு அவர்களும் வந்தனர். பிரித்து நிறுத்திச் சோதித்தனர். அவர்களும் எழுதினர், படித்தனர். அன்றைக்கு அந்த அவையில் மூத்தவர்கள் முகத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிரித்த வாய்கள் மூடின.

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, அர்கன்சா பகுதியில் முன்னமே குடியேறிவிட்ட செரோக்கியர் இருந்தனர். எழுத்து அங்கும் போயிற்று. அங்கிருந்தோர் சொன்ன செய்தியை எழுதி, முத்திரையிட்டுக் கிழக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார் செக்வோயா. பல நூறு கல் தொலைவில் இருந்த உறவினரின் பேச்சை, வேறொருவன் வாய்வழிக் கலப்பில்லாமல், அந்த மக்கள் கேட்டனர். அதன் பிறகு கடிதப் போக்குவரத்து பெருகிற்று. பிரிந்து கிடந்த இனத்தைத் தாள் தைத்தது.

இனித்தான் நாம் நெடுநேரம் நின்று பார்க்க வேண்டிய காட்சி. அந்த எழுத்து பரவிய விதம்!

பள்ளிக்கூடம் கட்டவில்லை. ஆசிரியர் அமர்த்தவில்லை. சம்பளம் இல்லை, பிரம்பு இல்லை, மணியடிக்கவில்லை. கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். மகன் தாய்க்குக் கற்பித்தான், பேரன் பாட்டனுக்குக் கற்பித்தான், வேட்டைக்குப் போனவன் இரவில் நெருப்பு வெளிச்சத்தில் தோழனுக்குக் கற்பித்தான். எழுதுவதற்குத் தாள் இல்லையா? மரப்பட்டை இருக்கிறது, வேலிக்கட்டை இருக்கிறது, வீட்டுச் சுவர் இருக்கிறது. சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கற்றுக்கொள்கிறார்கள் என்று அங்கிருந்த கிறித்தவ ஊழியர்கள் வியந்து கடிதம் எழுதினர். ஆங்கிலப் பள்ளியில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தும் தட்டுத் தடுமாறும் பிள்ளைகளையும் அவர்களே பார்த்துக்கொண்டிருந்தனர்.

இது எப்படி முடிந்தது? மந்திரமில்லை. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைக்கு இரட்டைச் சுமை. தெரியாத மொழியையும் கற்க வேண்டும், அதன் எழுத்தையும் கற்க வேண்டும். அந்த எழுத்தோ ஒன்று எழுதி ஒன்று படிக்கும் எழுத்து. செக்வோயாவின் மாணவனுக்கு மொழி முன்பே தெரியும், தாய்மடியில் கற்றது. 85 வடிவங்களை மனத்தில் பதிக்க வேண்டும், அவ்வளவே. பதித்த அன்றே அவன் படிப்பாளி. எழுத்துக் கூட்டல் என்று தனியே ஒரு பாடமில்லை, சொன்னபடி எழுதினால் எழுதியபடி படிக்கலாம். வயது வந்த மனிதன் எழுத்துப் படிக்க வெட்கப்படுவது ஏன்? சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து, புரியாத பாடத்தில் தோற்று நிற்க வேண்டுமே என்றுதான். அந்த வெட்கத்துக்கே அங்கு இடமில்லாமற் போயிற்று. ஆலைச் சங்கு ஊதிய பிறகு இரவுப் பள்ளியில் விளக்கடியில் உட்காரும் தோழருக்கு இதன் அருமை தெரியும்.

சுவரில் எழுதினார்கள் என்றோமே, அதற்குச் சான்று இன்றும் இருக்கிறது. வில்ஸ்டவுன் அருகே மானிடூ என்ற குகை. அதன் சுவரில் செரோக்கி எழுத்துகள் உள்ளன. 1828 ஏப்ரலில் நடந்த பந்தாட்டத்தையும் அதற்கான சடங்கையும் பற்றிய குறிப்பு அது. செரோக்கி அறிஞர்களும் தொல்லியலாரும் கூடிப் படித்து 2019-இல் வெளியிட்டனர். எழுதியவர்களில் ஒருவர் செக்வோயாவின் மகன் ரிச்சர்டு. எழுத்து முடிந்து ஏழாண்டுகளுக்குள் அது இருட்டுக் குகைக்குள்ளும் போய்விட்டது!

படித்த உலகம் இதை உடனே வரவேற்றதா? அதுதான் இல்லை. ஜான் பிக்கரிங் என்ற அமெரிக்க மொழியறிஞர், பழங்குடி மொழிகளை ஆங்கில எழுத்தால் எழுதுவதற்கு ஒரு முறை வகுத்திருந்தார். கிறித்தவ ஊழியர் பலர் அதையே புகுத்த எண்ணினர். கற்றவர் வகுத்த முறை ஒருபுறம், தட்டார் வகுத்த முறை மறுபுறம். மக்கள் எதைக் கையில் எடுத்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சாமுவேல் வூஸ்டர் என்ற ஊழியர் மட்டும் உண்மையை உணர்ந்து, மக்கள் ஏற்ற எழுத்தே எழுத்து என்று வாதாடினார். நல்லவரை நல்லவர் என்று சொல்ல நாம் தயங்கத் தேவையில்லை. பாஸ்டன் நகரில் செரோக்கி எழுத்துக்கு அச்சு வார்ப்பிக்கப் பாடுபட்டவர் அவர்.

செரோக்கி அவை 1824-இல் செக்வோயாவுக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கத் தீர்மானித்தது. வெள்ளித் தட்டாருக்கு வெள்ளிப் பதக்கம்! அவர் மேற்கே போய்விட்டதால் அது அவர் கைக்கு வந்தது 1832-இல். அதைவிடப் பெரிய பதக்கம் ஒன்று முன்பே கிடைத்துவிட்டது. 1828 பிப்ரவரி 21-இல், ஜார்ஜியா பகுதியில் செரோக்கியரின் தலைநகரான நியூ எக்கோட்டாவிலிருந்து செரோக்கி ஃபீனிக்ஸ் என்ற ஏடு வெளிவந்தது. எலியாஸ் பூடினாட் என்ற செரோக்கி இளைஞர் ஆசிரியர். ஒரு பத்தி ஆங்கிலம், ஒரு பத்தி செரோக்கி. அமெரிக்கப் பழங்குடியினர் நடத்திய முதல் செய்தித்தாள் அதுதான். சந்தா ஆண்டுக்கு இரண்டரை டாலர். செரோக்கி மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டு டாலர்! ஏடு நடத்துவதன் பாடும், கைக்காசைக் கொடுத்து வாங்கும் தோழனின் பாடும் அறிந்த நாம், அந்த அரை டாலர்த் தள்ளுபடியில் ஓர் அன்பைப் பார்க்கிறோம். சட்டங்கள் அந்த எழுத்தில் அச்சாயின. விவிலியப் பகுதிகளும் பாடல்களும் அச்சாயின. அதே நேரத்தில் ஊர் மருத்துவர்கள் தங்கள் மருந்து முறைகளையும் மந்திரங்களையும் அதே எழுத்தில் குறிப்பேடுகளில் எழுதி வைத்துக்கொண்டனர். எழுத்து எந்தக் கட்சியும் சேரவில்லை. கையில் எடுத்தவருக்கெல்லாம் உழைத்தது.

எழுத்து வந்தது, ஏடு வந்தது, 1827-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டமும் வந்தது. நாகரிகமற்றவர்கள் என்று சொல்லி நிலத்தைப் பறித்தவர்களுக்கு, இனிச் சொல்ல என்ன சாக்கு இருந்தது? சாக்கு தேவைப்படவில்லை. செரோக்கியர் தோள்மேல் ஏறிப் போர் வென்ற ஆண்ட்ரூ ஜாக்சன் இப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர். 1830-இல் பழங்குடியினரை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ஜார்ஜியா அரசு செரோக்கி நிலத்தைச் சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டது. வூஸ்டரைச் சிறையில் தள்ளியது. 1832-இல் உச்ச நீதிமன்றமே அது தவறு என்றது. தீர்ப்பு தாளில் கிடந்தது. பணமின்றி 1834-இல் ஏடு நின்றது. 1835-இல் ஜார்ஜியாவின் காவற்படை அச்சுப்பொறியையே பறித்துச் சென்றது. துப்பாக்கி ஏந்தியவன் அச்செழுத்தைக் கண்டு அஞ்சினான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1838-இல் படை வந்தது. ஏறத்தாழ 16,000 மக்கள் வீட்டைவிட்டு விரட்டப்பட்டனர். முகாம்களிலும் பனிக்கால நெடுவழியிலும் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பது கணக்கு. கண்ணீர்ப் பாதை என்று அந்த வழிக்குப் பெயர். எழுத்தால் நிலத்தைக் காக்க முடியவில்லை. அதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் மாட்டையும் வீட்டையும் இழந்தவர்கள் அந்த 85 எழுத்தை மட்டும் வழியில் இழக்கவில்லை. அதைச் சுமக்க வண்டி தேவைப்படவில்லை. பறிக்கப் படைக்கும் வழி தெரியவில்லை.

செக்வோயா 1829-இலேயே, இன்று ஓக்லஹோமா என்று வழங்கும் நிலத்தில் குடியேறிவிட்டார். தம் கையால் கட்டிய மரவீடு, கொஞ்சம் உழவு, வருவோர்க்கெல்லாம் எழுத்துக் கற்பித்தல். அந்த வீடு இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. கண்ணீர்ப் பாதையில் வந்தவர்களுக்கும், முன்னே குடியேறியவர்களுக்கும் ஆட்சி யாருடையது என்று பகை மூண்டது, கொலைகளும் நடந்தன. பூடினாடும் அந்தப் பகையில்தான் 1839-இல் கொல்லப்பட்டார், நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் என்பதற்காக. அந்த நேரத்தில் இரு தரப்பையும் இணைக்க நின்ற முதியவர்களில் செக்வோயா ஒருவர். 1839-இன் ஒற்றுமைச் சட்டத்தில் அவர் பெயரும் உண்டு.

வயது எழுபதை நெருங்கியது. ஓய்ந்து உட்காரவில்லை. மெக்சிகோ நாட்டுக்குள் போய்ச் சிதறிய செரோக்கியர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். அவர்களைத் தேடி, எழுத்தைக் கொடுத்து, இனத்தோடு சேர்க்க எண்ணி, 1842-இல் மகனோடும் சில தோழர்களோடும் புறப்பட்டார். கால் ஊனம், உடலில் நோய், நடுவழியில் குதிரைகளும் களவு போயின. அவரை ஒரு குகையில் தங்கவைத்து, உதவி தேடித் தோழர்கள் முன்னே சென்றனர். திரும்பி வந்தபோது குகையில் ஆளில்லை. வெள்ளம் புகுந்து உணவையும் உடைமையையும் அடித்துச் சென்றிருந்தது. மரத்தருகே, கிளையில் கட்டிய ஒரு கடிதம் இருந்தது. செரோக்கி எழுத்தில், அவர் கையால் எழுதியது. வெள்ளம் வந்ததையும், எத்திசையில் போகிறார் என்பதையும் அதில் தெரிவித்திருந்தார். அதைப் படித்து, தடம் பற்றிப் போய் அவரைக் கண்டனர். உடன் சென்ற தோழர் சொன்ன இந்தச் செய்தியை 1845-இல் செரோக்கி அட்வகேட் ஏடு வெளியிட்டது.

தேடிப்போன மக்களை அடைந்தார். அவர்களிடையே, சான் பெர்னாண்டோ என்ற ஊரருகே, 1843 ஆகஸ்டில் இறந்தார். கல்லறை இது என்று உறுதியாகக் காட்ட அடையாளமில்லை. வானளாவ வளரும் கலிபோர்னிய மரத்துக்கு 1847-இல் ஆஸ்திரிய அறிஞர் எண்ட்லிச்சர் சூட்டிய செக்வோயா என்னும் பெயர் இவர் நினைவாகவே என்பது ஆய்வாளர் துணிபு.

அவருக்குப் பிறகு அந்த எழுத்துக்கு வந்த சோதனை, பித்தன் என்ற ஏச்சைவிடக் கொடியது. 1907-இல் ஓக்லஹோமா மாநிலம் ஆனபோது செரோக்கி அரசு கலைக்கப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டே அவர்கள் ஏடு நின்றுவிட்டது. அரசு விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய குழந்தைகளுக்கு அடி விழுந்தது. அடிபட்டு வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அந்த அடி வேண்டாமென்று ஆங்கிலமே பேசினர். 2019-இல் மூன்று செரோக்கி இன அரசுகளும் கூடி, மொழிக்கு நெருக்கடி நிலை என்று அறிவித்தன. இலட்சக்கணக்கான மக்கள் உள்ள இனத்தில், தங்குதடையின்றி மொழி பேசுவோர் அப்போது ஏறத்தாழ 2,000 பேர், பெரும்பாலோர் முதியவர்கள்.

2001-இல் டாலெக்வா நகரில் செரோக்கியர் ஒரு பள்ளி தொடங்கினர். மழலை வயதிலிருந்து எல்லாப் பாடமும் செரோக்கியில். 2010-இல் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசியிலும் அந்த எழுத்து ஏறியது. பிள்ளைகள் பாட்டிமாருக்கு அதில் செய்தி எழுதுகிறார்கள். பள்ளிச் சுவரில் மாட்டியிருப்பது தட்டார் வகுத்த அதே 85 எழுத்துகள். அங்கே டபிள்யூ வடிவத்துக்கு ல என்றே பெயர்.